ஒலிம்பிக் இரட்டையர் டென்னிஸ்: இணைகள் எப்படி அமைகின்றன, இந்தியாவுக்குப் பதக்கம் கைநழுவுவது ஏன்?

2024 ஜூலை 28. பாரிஸ் நகரின் ரோலண்ட் கரோஸ் களிமண் தரை மைதானம். ஒலிம்பிக் டென்னிஸ் ஆடவர் இரட்டையர் பிரிவின் முதல் சுற்றில் இந்தியாவின் ரோகன் போபண்ணா, என். ஸ்ரீராம் பாலாஜி இணை, பிரான்ஸின் கேல் மோன்ஃபில்ஸ், எட்வார்ட் ரோஜர்-வாசெலின் இணையிடம் 5-7, 2-6 என்ற நேர் செட்களில் தோல்வியடைந்தது. ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. இத்தோல்வியுடன் 44 வயதான போபண்ணா இந்தியாவுக்காக ஆடுவதிலிருந்து விடைபெற்றார். கோயம்புத்தூரைச் சேர்ந்த 34 வயதான பாலாஜிக்கு அது முதல் ஒலிம்பிக் போட்டி.

ஒரு வாரம் கழித்து அதே மைதானத்தில் ஆடவர் இரட்டையர் தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் அணிந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டன். அதே ஆண்டு ஜனவரியில் போபண்ணாவுடன் இணைந்து ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றவர் அவர்தான். ஆண்டு முழுவதும் ஒரே பக்கத்தில் நின்று ஆடிய இருவர், ஒலிம்பிக்கில் வேறு வேறு கொடிகளின்கீழ் ஆடினர். ஒருவர் முதல் சுற்றில் வெளியேறினார். மற்றவர் தங்கம் வென்றார்.

இரட்டையர் டென்னிஸில் உலகத் தரவரிசையின் முதலிடம் வரை சென்ற வீரர்களைக் கொண்ட இந்தியா, ஒலிம்பிக்கில் இப்பிரிவில் இதுவரை ஒரு பதக்கமும் வென்றதில்லை. ஆனால் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இதே பிரிவில் தங்கப் பதக்கங்களைக் குவித்துள்ளது. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன? யார் யாருடன் இணைகிறார்கள் என்ற கேள்வியில்தான் விடையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

தொழில்முறைப் போட்டிகளுக்கும் ஒலிம்பிக்குக்கும் உள்ள வேறுபாடு

தொழில்முறை டென்னிஸில் இரட்டையர் இணை என்பது இரு வீரர்களுக்கு இடையிலான ஏற்பாடு. நாடு, மொழி எதுவும் தடையில்லை. போபண்ணா ஆஸ்திரேலியரான எப்டனுடன் ஆடினார். பாலாஜி அந்தக் காலகட்டத்தில் ஜெர்மனியின் ஆண்ட்ரே பெகமன், மெக்சிகோவின் மிகுவல் ரேயஸ்-வரேலா ஆகியோருடன் ஆடினார். ஆட்டம் பொருந்தினால் இணை தொடரும், பொருந்தாவிட்டால் பிரியும்.

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்ற பன்னாட்டுப் பல்விளையாட்டுப் போட்டிகளில் இது சாத்தியமில்லை. இருவரும் ஒரே நாட்டைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பழகிய இணைகள் சில நாட்களுக்குப் பிரிகின்றன. அதிகம் சேர்ந்து ஆடாதவர்கள் இணைகின்றனர்.

தொடக்கத்தில் இந்த விதி இருந்ததில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கில் இரட்டையர் பட்டத்தை வென்றவர்கள் அயர்லாந்தில் பிறந்த ஜான் பயஸ் போலண்ட், ஜெர்மனியின் ஃப்ரெட்ரிக் ட்ரவுன் ஆகியோர். இரு வேறு நாட்டவர் என்பதால் ஒலிம்பிக் பதிவேடுகளில் அந்த வெற்றி 'கலப்பு அணி' என்ற பெயரிலேயே இடம்பெற்றுள்ளது. 1924க்குப் பிறகு பதக்கப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்ட டென்னிஸ், 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில்தான் முழுமையான பதக்க விளையாட்டாகத் திரும்பியது.

தகுதி விதிகள் கூறுவது என்ன?

பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் இரட்டையர் பிரிவில் 32 இணைகள் இடம்பெற்றன. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு இணைகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. இடம்பெறுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி: இரட்டையர் தரவரிசையில் முதல் 10 இடங்களுக்குள் இருக்கும் வீரர் நேரடியாகத் தகுதி பெறுவார். தரவரிசையில் முதல் 300 இடங்களுக்குள் உள்ள சொந்த நாட்டு வீரர் ஒருவரைத் தம் இணையாக அவர் அழைத்துச் செல்லலாம்.

இரண்டாவது வழி: இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகை கொண்ட இணைகளுக்கு முன்னுரிமை அளிக்கப்படும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒற்றையர், இரட்டையர் ஆகிய இரண்டில் எந்தத் தரவரிசை சிறந்ததோ அதுவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். இதனால் ஒற்றையர் பிரிவில் வலுவாக உள்ள நாடுகள் இரட்டையர் பிரிவிலும் எளிதாக நுழைந்துவிடுகின்றன. இரட்டையர் ஆட்டத்தை மட்டுமே நம்பியுள்ள நாடுகளுக்கு இந்தக் கணக்கு சாதகமாக அமைவதில்லை.

இதன் பாதிப்பை இந்தியா நேரடியாக உணர்ந்தது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் போபண்ணா, திவிஜ் சரண் இணையின் கூட்டுத் தரவரிசை போதுமானதாக இல்லாததால் இந்தியாவுக்கு ஆடவர் இரட்டையர் பிரிவில் இடமே கிடைக்கவில்லை.

பாலாஜி தேர்வானது எப்படி?

பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தரவரிசைக் கணக்கீடு முடிந்தபோது போபண்ணா உலகின் நான்காம் நிலை வீரர். எனவே இணையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பாலாஜி, யூகி பாம்ப்ரி ஆகிய இருவரும் பரிசீலனையில் இருந்தனர். போபண்ணாவின் விருப்பத்தின்படி பாலாஜியின் பெயரை அகில இந்திய டென்னிஸ் சங்கம் 2024 ஜூனில் அறிவித்தது.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பிரெஞ்சு ஓபன் போட்டியின் மூன்றாவது சுற்றில் போபண்ணா, எப்டன் இணையை பாலாஜி, ரேயஸ்-வரேலா இணை எதிர்கொண்டது. முதல் செட்டை பாலாஜி இணை கைப்பற்றியது. இரண்டாவது செட்டை இழந்த பிறகு, மூன்றாவது செட்டை டை-பிரேக்கர் வரை கொண்டுசென்று, அதன் பின்னரே தோற்றது. ஒலிம்பிக் டென்னிஸ் நடைபெறவிருந்ததும் அதே ரோலண்ட் கரோஸ் களிமண் தரையில்தான்.

தமிழ்நாடு, கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளம் உள்ளிட்ட பாலக்காடு மாவட்டத் தமிழ்ப் பகுதிகளுக்கு அருகில் உள்ள பெருநகரம் கோயம்புத்தூர். அந்த நகரத்திலிருந்து புறப்பட்ட ஒரு வீரர் 34 வயதில் ஒலிம்பிக் களத்தில் நின்றார் என்பதால், பாரிஸ் ஆட்டம் இப்பகுதி ரசிகர்களுக்கு அண்டை வீட்டுச் செய்தியாகவும் அமைந்தது.

ஜூலை 27 அன்று நடைபெறவிருந்த முதல் சுற்று ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிரான்ஸ் தரப்பில் ரோஜர்-வாசெலினுடன் ஆடவிருந்த ஃபேபியன் ரெபூல் விலகியதால், கடைசி நேரத்தில் மோன்ஃபில்ஸ் சேர்க்கப்பட்டார். அதாவது எதிரில் நின்றதும் அவசரமாக அமைந்த இணையே. ஆனால் மோன்ஃபில்ஸ் ஒற்றையர் பிரிவில் உலகத் தரவரிசையில் ஆறாம் இடம் வரை எட்டியவர். சொந்த நாட்டு ரசிகர்களின் முழக்கத்துக்கு நடுவே ஆடினார். முதல் செட்டில் கடுமையாகப் போராடிய இந்திய இணை, இரண்டாவது செட்டில் எளிதாக வீழ்ந்தது.

புரிதல் ஏன் இவ்வளவு முக்கியம்?

டென்னிஸ் மைதானத்தின் அகலம் ஒற்றையர் ஆட்டத்தில் 27 அடி. இரட்டையர் ஆட்டத்தில் இருபுறமும் தலா நாலரை அடி சேர்ந்து 36 அடியாகிறது. ஆள் எண்ணிக்கை இரு மடங்காகும்போது பரப்பளவு மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடுகிறது. எனவே காலியிடம் குறைவு. பந்து திரும்பி வரும் நேரமும் குறைவு. பெரும்பாலான புள்ளிகள் சில அடிகளிலேயே முடிந்துவிடும்.

ஒருவர் சர்வ் செய்யும்போது அவரது இணை வலைக்கு அருகில் நிற்பார். பந்து எந்தப் பக்கம் போடப்படும், வலையருகே நிற்பவர் எந்தப் பக்கம் நகர்வார் என்பதை இருவரும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இதற்காகத்தான் வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களால் சைகை காட்டுகிறார். சில வேளைகளில் அவர் மைதானத்தின் நடுக்கோட்டில் குனிந்து நின்று, சர்வ் செய்யப்பட்ட பிறகே ஒரு பக்கம் பாய்வார். அவர் இடப்புறம் பாய்ந்தால், சர்வ் செய்தவர் வலப்புறத்தைக் காக்க ஓட வேண்டும். ஒரு கணம் தயங்கினாலும் மைதானத்தில் ஒரு பக்கம் திறந்துவிடும்.

எதிரணியின் சர்வைத் திருப்பி அடிக்கும்போது வலப்புறம் யார், இடப்புறம் யார் என்பதும் முக்கியம். ஒவ்வொரு வீரருக்கும் பழக்கப்பட்ட பக்கம் உண்டு. உயர எழும் பந்தை யார் எடுப்பது, நடுவில் வரும் பந்து யாருடையது என்பவையெல்லாம் பேசி முடிவு செய்பவை அல்ல. சேர்ந்து ஆடி ஆடிப் பழகுபவை.

அத்துடன், ஒலிம்பிக்கின் தற்போதைய ஆட்ட முறை தவறுகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் தருவதில்லை. டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இரட்டையர் பிரிவில் இரு அணிகளும் தலா ஒரு செட் வென்றால், மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளிகள் கொண்ட டை-பிரேக்கர் நடத்தப்பட்டது. பாரிஸ் இறுதிப் போட்டியே இப்படித்தான் முடிவானது. எப்டன், ஜான் பியர்ஸ் இணை அமெரிக்காவின் ஆஸ்டின் கிராஜிசெக், ராஜீவ் ராம் இணையை 6-7, 7-6, 10-8 என வீழ்த்தியது. இரு புள்ளிகள்தான் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தன.

ஒரு வெற்றி தூரத்தில் நின்ற 1992

இந்தியா முதன்முதலில் பதக்கத்தை நெருங்கியது 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில். அதில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. சென்னையின் ரமேஷ் கிருஷ்ணனுக்கு அப்போது வயது 31. அவருடன் இணைந்த லியாண்டர் பயஸுக்கு 19. சென்னையில் இயங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சிக் கூடத்தில் உருவானவர் பயஸ்.

இந்த இணை ஆஸ்திரேலியாவின் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட், டாட் வுட்பிரிட்ஜ் என்ற வலுவான இணையை வீழ்த்திக் காலிறுதிக்கு முன்னேறியது. அந்த ஒலிம்பிக்கில் மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் கிடையாது. அரையிறுதியில் தோற்கும் இரு அணிகளுக்கும் வெண்கலம் வழங்கப்பட்டது. எனவே காலிறுதியில் வென்றிருந்தால் பதக்கம் உறுதி. ஆனால் குரோஷியாவின் கோரான் இவானிசெவிச், கோரான் ப்ர்பிச் இணையிடம் இந்தியா தோற்றது. வெண்கலம் குரோஷியாவுக்குச் சென்றது.

ஏதென்ஸில் 16-14

1999ஆம் ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் இறுதிக்கு முன்னேறி, பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் பட்டங்களை வென்ற லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி இணைதான் இந்தியாவின் மிகப்பெரிய நம்பிக்கையாக இருந்தது. மற்ற நாடுகளின் சிறந்த இணைகள் ஒலிம்பிக்குக்காகப் பிரிய வேண்டியிருந்தபோது, இந்தியாவின் சிறந்த இணை ஒரே நாட்டைச் சேர்ந்ததாக இருந்தது. அரிதாகவே கிடைக்கும் அனுகூலம் அது.

எனினும் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அவர்கள் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் நடைபெற்றபோது இருவரும் தொழில்முறைப் போட்டிகளில் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தனர். ஆயினும் பழைய புரிதல் கைகொடுத்தது. முதல் சுற்றில் அமெரிக்காவின் ஆண்டி ராடிக், மார்டி ஃபிஷ் இணையையும், அடுத்த சுற்றில் சுவிட்சர்லாந்தின் ரோஜர் ஃபெடரர், ஈவ் அலெக்ரோ இணையையும், காலிறுதியில் ஜிம்பாப்வேயின் வெய்ன் பிளாக், கெவின் உல்லியட் இணையையும் நேர் செட்களில் வென்றனர்.

அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்ற பிறகு, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் குரோஷியாவின் மரியோ அன்சிச், இவான் லுபிசிச் இணையைச் சந்தித்தனர். அப்போது மூன்றாவது செட்டுக்கு டை-பிரேக்கர் இல்லை. இரண்டு கேம்கள் முன்னிலை பெறும்வரை ஆட வேண்டும். ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடித்த அந்த ஆட்டத்தில் இந்தியா 6-7, 6-4, 14-16 என்ற கணக்கில் தோற்றது. ஒலிம்பிக் ஆடவர் இரட்டையர் பிரிவில் இந்தியாவின் சிறந்த முடிவு இன்றுவரை அந்த நான்காம் இடமே.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே இணை காலிறுதியில் ஃபெடரர், ஸ்டான் வாவ்ரிங்கா இணையிடம் தோற்றது. அந்த சுவிட்சர்லாந்து இணையே பின்னர் தங்கம் வென்றது.

தேர்வில் எழுந்த சிக்கல்கள்

2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன் பிரச்சினை மைதானத்துக்கு வெளியே வெடித்தது. பயஸ், பூபதி இணையை டென்னிஸ் சங்கம் தேர்வு செய்தது. பயஸுடன் ஆட பூபதி மறுத்தார், போபண்ணாவும் மறுத்தார். முடிவில் பூபதி, போபண்ணா ஓர் இணையாகவும், பயஸ், விஷ்ணு வர்தன் மற்றோர் இணையாகவும் அனுப்பப்பட்டனர். இரண்டு இணைகளும் இரண்டாம் சுற்றில் பிரான்ஸ் அணிகளிடம் தோற்றன.

2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முதல் 10 இடங்களுக்குள் இருந்த போபண்ணா, சாகேத் மைனேனியைத் தம் இணையாகக் கோரினார். சங்கம் பயஸைத் தேர்வு செய்தது. அந்த இணை முதல் சுற்றிலேயே போலந்தின் லூகாஸ் குபோட், மார்சின் மட்கோவ்ஸ்கி இணையிடம் தோற்றது.

2024இல்தான் வீரரின் விருப்பமும் சங்கத்தின் முடிவும் ஒன்றாக அமைந்தன. ஆனால் அப்போது சேர்ந்து ஆடிப் பழகுவதற்குப் போதிய காலம் இல்லை. தேர்வில் சர்ச்சை இல்லாமல் இருப்பது அவசியம். அது மட்டுமே போதுமானதல்ல என்பதை பாரிஸ் உணர்த்தியது.

அவசர இணைகளும் வெல்கின்றனவே?

நியாயமான கேள்வி இது. எப்டனும் பியர்ஸும் தொழில்முறைப் போட்டிகளில் வழக்கமாகச் சேர்ந்து ஆடும் இணை அல்ல. 2004இல் தங்கம் வென்ற சிலியின் பெர்னாண்டோ கோன்சாலஸ், நிக்கோலாஸ் மாஸு இருவரும் ஒற்றையர் ஆட்டத்தில் புகழ்பெற்றவர்கள். 2008இல் வென்ற ஃபெடரரும் வாவ்ரிங்காவும் அப்படியே.

ஆனால் இந்த நாடுகளிடம் இருந்த ஒன்று இந்தியாவிடம் இல்லை. அவர்களின் இணையில் இருந்த இருவருமே உலகின் முன்னணி வீரர்கள். ஒருவர் முன்னணியிலும் மற்றவர் வெகு பின்னாலும் இருந்தால், எதிரணி பின்தங்கிய வீரரை நோக்கியே பந்தை அனுப்பும். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது நீண்ட நாள் பழக்கம் ஒன்றே. தரவரிசையில் போபண்ணா நான்காம் இடத்தில் இருந்தபோது, பாலாஜி அறுபதுகளில் இருந்தார்.

ஆசியப் போட்டிகளில் நிலை வேறு

முன்னணி இரட்டையர் வீரர்கள் நிறைந்த நாடுகள் ஆசியாவில் குறைவு. எனவே புதிதாக அமைந்த இந்திய இணைகளும் அங்கு வெல்ல முடிகிறது. 1994 ஹிரோஷிமாவில் பயஸ், கௌரவ் நடேகர். 2002 பூசானிலும் 2006 தோஹாவிலும் பயஸ், பூபதி. 2010 குவாங்சூவில் சோம்தேவ் தேவ்வர்மன், சனம் சிங். 2018இல் ஜகார்த்தா–பாலெம்பாங் போட்டியில் போபண்ணா, திவிஜ் சரண் ஆகியோர் ஆடவர் இரட்டையர் தங்கம் வென்றனர்.

அங்கும் இணைச் சிக்கல் இல்லாமல் இல்லை. இரட்டையர் ஆட்டத்தில் தேர்ந்த இணை தமக்கு வழங்கப்படவில்லை எனக் கூறி 2018 போட்டியிலிருந்து பயஸ் விலகினார். 2023இல் நடைபெற்ற ஹாங்சோ ஆசிய விளையாட்டில் முதல் நிலை பெற்ற போபண்ணா, யூகி பாம்ப்ரி இணை இரண்டாம் சுற்றில் உஸ்பெகிஸ்தான் இணையிடம் 10 புள்ளி டை-பிரேக்கரில் தோற்று வெளியேறியது. இந்தியாவின் மற்றோர் இணையான சென்னையின் ராம்குமார் ராமநாதன், சாகேத் மைனேனி இறுதிவரை சென்று, சீன தைபே இணையிடம் 4-6, 4-6 எனத் தோற்று வெள்ளி வென்றது. தரவரிசையில் முன்னிலையில் இருந்தவர்கள் வீழ்ந்த இடத்தில், சர்வதேசப் போட்டிகளில் முன்பே சேர்ந்து ஆடிப் பழகிய இணை பதக்கம் கொண்டுவந்தது.

அடுத்து என்ன?

போபண்ணா 2025 நவம்பரில் தொழில்முறை டென்னிஸிலிருந்தும் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அவரது கடைசி ஆட்டத்தில் இணையாக இருந்தவர், 2018 ஆசிய விளையாட்டு இறுதியில் அவர் தோற்கடித்த கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்.

யூகி பாம்ப்ரி 2025 அமெரிக்க ஓபன் இரட்டையர் அரையிறுதி வரை முன்னேறினார். அவரது இணை நியூசிலாந்தின் மைக்கேல் வீனஸ். பாலாஜியோ, 2024 ஜூலையில் பாரிஸில் போபண்ணாவுடனும், செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் சுவீடனுக்கு எதிரான டேவிஸ் கோப்பையில் ராம்குமாருடனும், 2025இல் டேவிஸ் கோப்பையில் ரித்விக் பொல்லிப்பள்ளியுடனும் ஆடினார். இந்தியாவுக்காக ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் மூன்று இணைகள்.

தொழில்முறை வீரர் வெளிநாட்டு இணையைத் தேடுவதில் தவறில்லை. தரவரிசைப் புள்ளிகளும் பரிசுத் தொகையும்தான் அவரது வாழ்வாதாரம். பெரிய போட்டிகளில் இடம்பெற உயர்ந்த தரவரிசை கொண்ட இணை தேவை. இந்தியர்கள் இருவர் சேர்ந்து ஆடினால் சிறிய போட்டிகளுக்கே தகுதி பெறும் நிலை ஏற்படலாம். அந்த இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு இல்லாதவரை, நாட்டுக்காகப் பழகுங்கள் என்று வீரர்களிடம் கேட்பது எளிது. அவர்கள் அதைச் செய்வது கடினம்.

அடுத்த ஆசிய விளையாட்டுப் போட்டி ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் 2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரையிலும், அடுத்த ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சலீஸில் 2028 ஜூலையிலும் நடைபெற அட்டவணையிடப்பட்டுள்ளன. ஒலிம்பிக் இணையின் பெயர்களை அறிவிக்கப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பு வரை கால அவகாசம் உண்டு. ஆனால் அந்த இருவரும் ஒரே பக்கத்தில் நின்று ஆடிப் பழகுவதற்கான அவகாசம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.